கௌசிகாவின் கவனக்குறைவு

ஜனவரி 19

என் பியூட்டி பார்லருக்கு கிரீமும் மெழுகும் போடுகிற ஏஜென்ட் இந்த வருஷம் காலண்டர் தராமல் டைரி தந்துவிட்டுப் போனான். எனக்கு எதற்கு டைரி என்று அலமாரியில் போட்டிருந்தேன். இன்றைக்கு எடுத்துவிட்டேன். கோடுகளை ரொம்ப மங்கலாகப் போட்டிருக்கிறான் கஞ்சன்.

விஷயம் இதுதான். என் மகள் கௌசிகா அரையாண்டில் கணக்கில் 93. ஏழு மார்க் எங்கேட்டி போச்சு என்றால், "தெரியாதது இல்லம்மா, கவனக்குறைவு" என்கிறாள். ஐந்தை மூன்றாலே பெருக்கிப் பதினெட்டு என்று எழுதியிருக்கிறாள். பத்தாவது பொதுத்தேர்வுக்கு இன்னும் எண்பது நாள்கூட இல்லை. அவள் ஆசைப்படுகிற பள்ளிக்கூடத்தில் கணக்கில் 95-க்கு ஒரு மார்க் குறைந்தாலும் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கிடையாது. முதல் குரூப் இல்லை என்றால் எஞ்சினியரிங் இல்லை. அந்த ஆசை அவளுக்கு ஆறாவதிலிருந்தே உண்டு.

டியூஷன் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் செட்டில் பத்தாவதில் கணக்கில் நான்தான் முதல். செண்பகவல்லி 98 என்று போர்டில் எழுதிப் போட்டார்கள்.

ஜனவரி 20

திட்டம் போட்டாயிற்று. எதிர்வீட்டில் போன வருஷத்து வினாவங்கி ஒன்று வாங்கினேன். பின்னால் விடை மட்டும் இருக்கிறது. புத்தகத்தை அவள் கையில் கொடுத்தால் விடையைப் பார்த்து மனப்பாடம் பண்ணிவிடுவாள், அதனால் பார்லரிலேயே பூட்டி வைத்திருக்கிறேன். ஃபேஸ் பேக் போட்டால் காய இருபது நிமிஷம் ஆகும். கஸ்டமர் கண்ணை மூடிக் கிடக்கிற நேரத்தில் நான் பத்துக் கணக்கை ஒரு தாளில் அழகாக எழுதிவிடுவேன். சாயங்காலம் அவள் போட வேண்டும். நான் விடையை மட்டும் பார்த்துத் திருத்துவேன். படிப்படியாகப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. விடை தப்பென்றால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

ஜனவரி 22

பத்துக்கு ஏழு. இருபடிச் சமன்பாட்டில் மூலங்கள் 4, 4 என்று எழுதியிருக்கிறாள். புத்தகத்தில் 3, 5.

"எம்மா, ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். நாலும் நாலும் எட்டு, நாநாலு பதினாறு. சரியாத்தாம்மா வருது."

"எதுத்துப் பேசாதட்டி. அப்ப புத்தகம் போட்டவன் முட்டாளா?"

வாயை மூடிக்கொண்டாள். இந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஜனவரி 23

மாரியம்மாள் மதினி புருவம் திருத்திக்கொண்டு போனவள் திரும்பி வந்து, இடது பக்கம் ஒல்லியாகப் போய்விட்டது என்று ஒரே சத்தம். நூல் போடும்போது ஆடினால் நான் என்ன செய்ய?

ஜனவரி 30

கூட்டுத்தொடர் வரிசை. 3, 8, 13 என்று போகிற வரிசையில் கூடுதல் கேட்டால் 1974 என்கிறாள். விடை 1010. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஒரு பெரிய எண் வந்தால் இது இவ்வளவு வருமா என்று மனசுக்குள் தட்ட வேண்டாமா? "நான் கணக்கில் கவனமாக இருப்பேன்" என்று நூறு தடவை எழுதச் சொன்னேன். எழுதினாள். அதை மட்டும் ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாள்.

பிப்ரவரி 5

பார்லரில் டியூப் லைட் சரியில்லை. என் வீட்டுக்காரரைப் புதிதாக ஒன்று மாட்டச் சொன்னேன். மினி பஸ் ட்ரிப் முடித்து வந்து மாட்டிவிட்டு, "இதுவே பழசை விட மங்கலாத் தெரியுதுங்கியா? செம்பா, எனக்கு வந்த மாதிரி ஒனக்கும் வெள்ளெழுத்து வந்துருச்சு போல. ஒரு கண்ணாடி வாங்கிப் போடேன்" என்றார்.

அவருக்கு நாற்பத்தெட்டு. எனக்கு நாற்பத்திரண்டுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு புருவம் திருத்தினால் ஒருத்தி வந்து நாற்காலியில் உட்காருவாளா? அழகு பார்க்கிற தொழில் இது. உங்க வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11

இன்றைக்குக் கை நீட்டிவிட்டேன்.

உருளையின் கன அளவு. சூத்திரத்தில் போட்டால் வந்துவிடுகிற கணக்கு. விடை 1540. இவள் 2464. பக்கத்தில் வேறு ‘சரிபார்த்தேன்’ என்று எழுதி ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். மர ஸ்கேலால் வலது கை விரல் முட்டியில் இரண்டு போட்டேன்.

"எதைட்டி சரி பாத்த? எதை?"

அவள் அழவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போய் மறுபடி போட்டாள். மறுபடியும் 2464. அதற்கப்புறம் அதை அடித்துவிட்டு, நான் சிவப்பு மையில் எழுதியிருந்த 1540-ஐயே எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். எப்படி வந்தது என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தாள்.

பிப்ரவரி 12

முட்டி வீங்கியிருக்கிறது. பார்லரில் இருந்து கற்றாழை ஜெல் கொண்டுவந்து தடவினேன். பேனா பிடிக்க வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்றாள்.

பிப்ரவரி 24

இரண்டாம் திருப்புதல் தேர்வில் 78. பொன்மலர் டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக அவளுக்கு இவர்தான் கணக்கு எடுக்கிறார். விடைத்தாளை என் முன்னால் விரித்தார்.

"இங்கன பாருங்கம்மா. அடிச்சு விட்டுருக்காள்ல, அதெல்லாம் சரியான விடை. அதை அடிச்சுட்டு வேற எதையோ எழுதி வச்சிருக்கா. ஆறு இடத்துல இப்படி. கௌசி இப்படிப் பண்ற பிள்ளை இல்ல. வீட்ல யாரும் எதும் சொல்லுதாகளா?"

நான் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன்.

"யாரு சொல்லுவா டீச்சர்? எல்லாம் போன்தான். ராப்பகலா அதுலயே கெடக்கா."

அவள் போனை எடுப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு விடைத்தாளை மடித்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு மணி நேரத்தையும் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 6

ஆயத்தொலைவில் இரண்டு புள்ளிக்கு இடையே தூரம் கேட்டால் √17 என்று எழுதி விட்டுவிட்டாள். விடை 5. ரூட்டை முடிக்கக்கூடச் சோம்பல்.

முன்னே மாதிரி எதிர்த்துப் பேசுவதில்லை. தப்பு என்றால் "சரிம்மா" என்று தாளை வாங்கிக்கொள்கிறாள். இதைச் சாதிக்கவே ஒன்றரை மாசம் ஆகியிருக்கிறது. பார்லருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன், "பிள்ளைக்குப் புத்தி இருக்கு, கவனம்தான் இல்ல, இப்ப நான் வழிக்குக் கொண்டாந்துட்டேன்" என்று.

மார்ச் 14

எழுதவா வேண்டாமா என்று பேனாவை இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன். எழுதுகிறேன்.

பேங்க்கில் வேலை பார்க்கிற விஜயராணி அக்கா ஃபேஷியலுக்கு வந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். பேக் போட்டுவிட்டு வழக்கம்போல வினாவங்கியை எடுத்து வைத்தேன். நேற்றைய தாளும் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடியின் ஃபிரேம் நன்றாக இருந்தது, நமக்கு எப்படி இருக்கும் என்று ஒரு சபலம். போட்டுக்கொண்டு பெரிய நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். மோசமில்லை என்று நினைத்துக்கொண்டே கீழே குனிந்தேன்.

எழுத்தெல்லாம் கறுப்பாக எழுந்து நின்றது.

புத்தகத்தில் 35. என் தாளில் 36.

முதலில் சிரிப்புதான் வந்தது, ஒரு இடத்தில் கைதவறி எழுதிவிட்டேன் என்று. அடுத்த கணக்கைப் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு கழித்தல் குறி, முடி மாதிரி மெல்லியது. என் தாளில் இல்லை. அவள் தாள்களைக் கோத்து வைத்திருந்த ஃபைலை எடுத்தேன். ஜனவரி இருபத்திரண்டு. புத்தகத்தில் x² − 8x + 15. நான் எழுதியது 16. நாலும் நாலும் எட்டு, நாநாலு பதினாறு என்று அவள் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். வரிசைக் கணக்கில் 20 உறுப்புகள். நான் எழுதியது 28.

உருளையைத் தேடினேன். தேடும்போதே தெரிந்துவிட்டது. உயரம் 10. என்னுடைய வட்ட வட்டமான அழகுக் கையெழுத்தில் 16. இருபத்திரண்டின் கீழ் ஏழு, பெருக்கல் நாற்பத்தொன்பது, பெருக்கல் பதினாறு. அங்கேயே ஒரு பில் தாளின் பின்னால் போட்டுப் பார்த்தேன். 2464.

"செண்பகம், மூஞ்சி இழுக்குதுட்டி, கழுவி விடு" என்று விஜயராணி அக்கா மூன்று தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் காதில் விழவில்லை.

மார்ச் 15

இன்றைக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மார்ச் 17

பஜாரில் ஒரு கண்ணாடி வாங்கினேன். பார்லர் டிராயரில் வைத்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்து எழுதினேன்.

பத்துக்கு ஒன்பது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் தாளைக் கையில் வாங்கினேன். சத்தியமாக. அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பாத்தியா? கவனமா இருந்தா வருதுல்ல?"

அவள் சிரித்தாள். "ஆமாம்மா" என்றாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 20

மதியம் பார்லர் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஜனவரியில் இருந்து எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாக நானே போட்டுப் பார்த்தேன். நான் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்தது மொத்தம் ஐம்பத்தேழு. அதில் நாற்பத்தொன்று, நான் எழுதிக் கொடுத்த கணக்குக்குச் சரியான விடை.

மிச்சம் பதினாறுதான் அவள் தப்பு. அந்தப் பதினாறில் பதிமூன்றை அவள் முதலில் சரியாகப் போட்டு, அப்புறம் அடித்திருக்கிறாள். அதெல்லாம் பிப்ரவரி பதினொன்றாம் தேதிக்குப் பிறகு.

மார்ச் 21

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். "பிள்ளை கிட்ட சொல்லிட்டியா?" என்றார். பரீட்சை முடியட்டும், இப்போது சொன்னால் மனசு கலங்கிவிடும் என்றேன். "அவ மனசா ஒன் மனசா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 26

அவள் கணக்குப் போடுகிறபோது துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முக்கோணவியல் கணக்கு. கடகடவென்று போட்டாள். விடையும் வந்துவிட்டது, சரியான விடை. நான் கண்ணால் பார்த்தேன். பேனாவை வைத்தாள். மறுபடி எடுத்தாள். விடையை முறைத்துப் பார்த்தாள். விரல் முட்டியைத் தடவிக்கொண்டாள். அப்புறம் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"ஏட்டி, எதுக்கு அடிக்க?"

"சட்டுனு வந்துருச்சும்மா. சட்டுனு வந்தா எனக்குத் தப்பாத்தான இருக்கும்?"

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கிற கணக்கைத் திருத்தியாயிற்று, ஆனால் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் திருந்தவில்லை. நான் வாயைத் திறக்காமல் இது ஓயாது. மூன்று நாளாகத் திறக்கப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையிடம் தப்பு என்னுது என்று சொல்ல இத்தனை வெட்கமா? இத்தனை வெட்கம்தான்.

மார்ச் 29

சொல்லிவிட்டேன்.

காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வினாவங்கியையும் ஃபைலையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"கௌசி, அந்தத் தப்பெல்லாம் ஒன்னுது இல்லட்டி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நான்தான் எண்ணை மாத்தி மாத்தி எழுதிக் கொடுத்திருக்கேன். நீ போட்டது சரி."

அவள் முதலில் என் மூக்கில் இருந்த கண்ணாடியைத்தான் பார்த்தாள். அப்புறம் கையைத் துடைத்துவிட்டு ஃபைலைப் புரட்டினாள். நேராக பிப்ரவரி பதினொன்றுக்குப் போனாள். தேடவே இல்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டாயிரத்து நானூத்தி அறுபத்தி நாலு சரியா?"

"சரிட்டி."

"அப்ப அடிச்சியேம்மா."

"ஆமா."

ஃபைலை மூடினாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தேன். நேற்று என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

"பதினாலாந்தேதி."

"இன்னைக்கு இருபத்தொம்பது" என்றாள். "பதினஞ்சு நாளு."

கழித்தலை அவள் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வெளியே நின்று, கௌசி, கௌசி என்று கூப்பிட்டேன்.

மார்ச் 30

பேசவில்லை. இன்றிலிருந்து கணக்கு வேண்டாம், பொன்மலர் டீச்சரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 1

பார்லரில் இருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஃபைல் இருந்தது. அதன் மேலே சிவப்பு பேனா. அவள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

புரிந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்தேன். நான் போட்ட சுழியை அடித்துவிட்டு ‘சரி’ என்று போட்டேன், பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். நாற்பத்தொரு கையெழுத்து. உருளைத் தாளுக்கு வந்தபோது என்ன எழுத என்று தெரியாமல், ‘என் தப்பு, என்னை மன்னிச்சிரு’ என்று எழுதினேன்.

இரவு படுக்கப் போகும்போது ஃபைல் மேஜையில் இல்லை. அவள் பையில் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

ஏப்ரல் 2

மாரியம்மாள் மதினி வந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டே புருவம் திருத்தினேன். "என்னட்டி செண்பகம், கெழவியாயிட்டியா?" என்றாள். "ஆமா மதினி, ஆடாம உக்காருங்க" என்றேன்.

ஏப்ரல் 7

இன்றைக்குக் கணக்குப் பரீட்சை. காலையில் வாசலில் நின்றவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "மொதல்ல வர்றதை நம்புட்டி." தலையை ஆட்டினாள்.

முடிகிற நேரத்துக்குப் பள்ளிக்கூட கேட்டில் போய் நின்றேன். மாரியம்மாள் மதினியும் அவள் மகளுக்காக வந்திருந்தாள். கௌசி வந்த முகமே சரியில்லை.

"எல்லாம் போட்டேம்மா. கடைசில நேரம் இருந்துச்சு. திரும்பப் பாத்தேன். ஒரு அஞ்சு மார்க் கணக்கை அடிச்சுட்டு வேற மாதிரி போட்டேன். வெளிய வந்து கேட்டா மொதல்ல போட்டதுதான் சரி."

"கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா கௌசி? ஒங்க அம்மா எம்புட்டுப் பாடுபட்டா ஒன் பின்னால" என்றாள் மதினி.

கௌசி என்னைப் பார்க்கவில்லை. "ஆமா அத்தை, கவனக்குறைவா விட்டுட்டேன்" என்றாள்.

என்னை மூடி மறைக்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை.

"இல்ல மதினி" என்றேன். சத்தமாகத்தான் வந்தது, நாலு பேர் திரும்பினார்கள். "அவ கவனமாத்தான் போட்டா. கண்ணு தெரியாம தப்புத் தப்பா கணக்கு எழுதிக் கொடுத்து, அவ சரியாப் போட்டதையெல்லாம் தப்புன்னு நான் அடிச்சேன். கையிலயும் அடிச்சேன். அந்த அஞ்சு மார்க் போனது என்னால."

கௌசி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பியதும் கையை விட்டுவிட்டாள்.

"எல்லாரும் நிக்கைல எதுக்கும்மா சொன்ன? அதனால அஞ்சு மார்க் திரும்பியா வரும்?"

வராது. அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு வந்தேன். நூறில் ஐந்து போனால் தொண்ணூற்றைந்து. மிச்சம் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தத் தொண்ணூற்றைந்தும். இன்னும் ஒரு மார்க் எங்கேயாவது போயிருந்தால் முதல் குரூப் கிடையாது. இதை அவளும் கணக்குப் போட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். வினாத்தாளை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீ வாசிம்மா. நான் இன்னொரு தடவ போட்டுப் பாக்கேன், அங்க எழுதுன விடைதான் வருதான்னு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முதல் கணக்கை வாசித்தேன். ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி நிறுத்தி, கூட்டலா கழித்தலா என்று தனியாகச் சொல்லி வாசித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்தாள்.

சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

"சரிதான்" என்று போய் உட்கார்ந்தாள். "அடுத்தது வாசி."

வாசித்தேன். அதற்கும் எழுந்து வந்தாள்.